ஒட்டாமல் கொடுத்த கடிதம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுதுவது என் வேலை இல்லை. சாதாரண தரம் வரைக்கும் படித்தவள் நான். அதிலும் கணக்கில் சித்தியில்லை. நாலு பேர் கூடும் இடத்தில் வாய் திறந்து பேசிப் பழக்கமில்லை. கடைக்குப் போனால்கூட முன்னால் நிற்பவர்கள் எல்லோரும் வாங்கிக்கொண்டு போன பிறகுதான் எனக்கு வேண்டியதைக் கேட்பேன். இப்படிப்பட்ட ஒருத்தி பேனை எடுப்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று வாசிப்பவர்கள் நினைத்தால் அது நியாயம்தான். இருந்தாலும் எழுதுகிறேன். கோபத்தில் எழுதுகிறேன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் எங்கள் ஊர் வாசிகசாலையில் ஒரு கூட்டம் வைத்தார்கள். கடிதம் எழுதும் பழக்கம் அழிந்துவருகிறது என்பது பேச்சு. மட்டக்களப்பு நகரத்தில் இருந்து வந்த ஒருவர் நன்றாகத்தான் பேசினார். தபால்காரரின் சைக்கிள் மணி, நீல நிற விமானத் தபால், கடிதத்தைப் பத்துத் தரம் வாசித்து நெஞ்சோடு வைத்திருந்த காலம் என்று சொல்லிக்கொண்டே போனார். கடைசியில், இந்தக் கைத்தொலைபேசிதான் கடிதத்தைக் கொன்றது, இன்றைய பிள்ளைகளுக்கு அன்பாக நாலு வரி எழுதத் தெரியாது என்று முடித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். என் வயதுக்காரர்களும் தட்டினார்கள். யுத்த காலத்தில் என்னோடு தோணித் துறையில் வரிசையில் நின்றவர்களும் தட்டினார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எழுந்து வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவினேன். "என்னம்மா, சட்டி பானையோட சண்டையா?" என்று மகள் கேட்டாள். அவளுக்குச் சொல்லாத பதில்தான் இது.

எங்கள் கரையில் கடிதத்தைக் கொன்றது தொலைபேசி இல்லை. தொலைபேசி எங்களிடம் வருமுன்பே கடிதம் செத்துக் கிடந்தது. எங்கே, யார் யார் பார்த்திருக்கச் செத்தது என்று எனக்குத் தெரியும். நான் அங்கே நின்றேன்.

எங்கள் ஊர் படுவான்கரையில் இருக்கிறது. வாவிக்கு மேற்கே, வயல் பக்கம். கிழக்கே எழுவான்கரை. பெரிய தெரு, கடைகள், ஆஸ்பத்திரி, தபால் கந்தோர் எல்லாம் அங்கே. யுத்த காலத்தில் எழுவான்கரை அரசாங்க ஆமியிடம் இருந்தது, எங்கள் கரை இயக்கத்திடம் இருந்தது. நடுவில் வாவி. அதைக் கடக்க 'பாதை' என்று நாங்கள் சொல்லும் தட்டை மிதவை இருந்தது. அது ஓடாத நாளில் தோணி. தோணியும் விடாத நாளில் இந்தக் கரையில் நின்று அந்தக் கரையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

ஊரில் இருந்த உப தபால் கந்தோர் பூட்டிக் கிடந்தது. கூரையில் இருந்த ஓடுகளை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தபால் போடவும் எடுக்கவும் துறையைக் கடக்க வேண்டும். அதனால் அந்தக் கரைக்குப் போகிறவர் கையில்தான் மற்றவர்களின் கடிதங்களும் போகும். அதற்கு ஒரு முறை இருந்தது. கையில் கொடுத்துவிடும் கடிதத்தை ஒட்டிக் கொடுக்க மாட்டோம். கொண்டுபோகிறவருக்கு முன்னால் உறையை ஒட்டினால், நீ வழியில் திறந்து பார்ப்பாய் என்று முகத்துக்கு நேரே சொன்னது போல. திறந்தபடிதான் கொடுப்போம். வாங்கிக்கொள்கிறவர் உள்ளே இருக்கும் தாளைத் தொடாமல், நம் கண் முன்னால் சோற்றுப் பருக்கையால் ஒட்டிக்கொள்வார். பருக்கை இல்லாவிட்டால் தபால் கந்தோரில் பசை தடவி ஒட்டுவார். பழுகாமத்தில் எங்கள் மாமி ஒருத்தி ஒரு தடவை அவசரத்தில் உறையை ஒட்டித் தன் மச்சானிடம் கொடுத்துவிட்டாள். "அப்ப என்னக் கள்ளன் எண்டு நினைச்சிற்றாய், என்ன?" என்று அவர் கடிதத்தைப் படலையில் வைத்துவிட்டுப் போனவர்தான். மாமியின் மகளுக்குக் கலியாணம் நடக்கும்வரை இரண்டு பேருக்கும் பேச்சில்லை.

இப்படி ஒரு கரை. ஒருவர் கடிதத்தை மற்றவர் பார்ப்பது, குளிக்கிற இடத்தில் எட்டிப் பார்ப்பது போல.

பிறகு, அந்தக் கரைத் துறையில் மண்மூட்டை அடுக்கிய காவலரணில் ஒரு கட்டளை வந்தது. கடிதம் கொண்டுவருகிறவர்கள் ஒட்டாமல் கொண்டுவர வேண்டும். ஒட்டியிருந்தால் கிழித்துப் போடுவார்கள். எங்கள் மரியாதை எதுவோ அதையே அவர்கள் சட்டமாக்கிவிட்டார்கள். அன்றைக்கு யாருக்கும் இது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. "நாங்க எப்பயும் ஒட்டாமத்தானே குடுக்கிற" என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள். அப்படிச் சொன்னவர்களை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆமி மட்டும் வாசித்தது என்று யாரும் எண்ண வேண்டாம். எங்கள் கரையில், துறைக்கு வருமுன் ஒரு கொட்டிலில் இயக்கப் பொடியன்கள் இருந்தார்கள். அவர்களும் எடுத்துப் பார்ப்பார்கள். "அக்கா, சும்மா ஒரு பார்வைதான்" என்று பணிவாகச் சொல்லிவிட்டு வாசிப்பார்கள். வெளிநாட்டில் இருந்து காசு வந்தது என்று எழுதியிருந்தால் அடுத்த கிழமை வீட்டுக்கு வருவார்கள். தம்பியை அங்கே கூப்பிட வழி பாருங்கள் என்று எழுதியிருந்தால் அன்று பின்னேரமே வருவார்கள். அந்தக் கரையில் தோளில் தொங்கும் துவக்கு, இந்தக் கரையில் பணிவும் துவக்கும். வாசிக்கிற கண் ஒன்றுதான்.

அதனால் நாங்கள் எழுதக் கூடாதவற்றைப் பழகிக்கொண்டோம். செல் விழுந்து வெடித்ததை எழுதக் கூடாது. யார் செத்தது என்று எழுதலாம், எப்படிச் செத்தது என்று எழுதக் கூடாது. அரிசி விலை, பள்ளிக்கூடம் பூட்டியிருப்பது, காணாமற்போன பிள்ளை, யாருடைய மகன் எங்கே போனான், பயமாயிருக்கிறது, ஒன்றும் கூடாது. ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பார்த்தால் தாளில் மிச்சம் இருந்தது, "நாங்கள் நலம், உங்கள் நலமறிய ஆவல்." எங்கள் ஊரில் அந்த வருசங்களில் வெளிநாட்டுக்குப் போன கடிதங்களை எல்லாம் எடுத்து அடுக்கினால், உலகத்திலேயே நலமாக இருந்த ஊர் எங்களுடையதுதான்.

என் அக்காவின் கடிதங்களும் அப்படித்தான் இருந்தன.

அக்காவுக்குக் கலியாணமாகி வருசம் திரும்புமுன் அத்தான் சவூதிக்குப் போய்விட்டார். எங்கள் பக்கத்து வழக்கப்படி அவர்தான் எங்கள் வீட்டுக்கு வந்து இருந்தார். அவருடைய தாய் வீடு அந்தக் கரையில், செட்டிபாளையத்தில். அந்த வயதில் ஒரு ஆம்பிளை அந்தக் கரையிலும் நிம்மதியாக இருக்க முடியாது, இந்தக் கரையிலும் இருக்க முடியாது. அதனால் போனார். காசுக்காக மட்டும் போனார் என்று அவருடைய வீட்டார் சொல்வார்கள். அது பொய்.

அத்தானுக்கு அக்காவின் கடிதங்கள் போய்க்கொண்டிருந்தன. நலம், நலம், நலம். பிறகு ஒரு நாள் அவரிடம் இருந்து ஒரு கடிதம் வந்தது. அக்கா வாசித்துவிட்டு என் மடியில் போட்டாள்.

"உன் கடிதத்தைப் பார்த்தால் கிராம சேவகர் கொடுக்கிற அத்தாட்சிக் கடிதம் மாதிரி இருக்கிறது" என்று எழுதியிருந்தார். "நான் வருவது உனக்கு விருப்பமா இல்லையா என்றே விளங்கவில்லை. இங்கே கொம்பனியில் இன்னும் இரண்டு வருசத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள். மாத முடிவுக்குள் சொல்ல வேண்டும். வா என்று எழுதினால் வருகிறேன். ஒன்றும் எழுதாவிட்டால் கையெழுத்துப் போடுகிறேன்."

கடிதம் எங்கள் கைக்கு வரும்போதே மாதம் பாதி போய்விட்டது. உடனே பதில் போட்டால்தான் நேரத்துக்குப் போய்ச் சேரும். சவூதிக்குத் தொலைபேசி எடுப்பதென்றால் கொழும்புக்குப் போக வேண்டும். கொழும்புக்குப் போவதை எங்கள் ஊரில் யாரும் பகிடிக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள்.

"இந்த மனிசனுக்கு இஞ்ச என்ன நடக்குது எண்டு தெரியுமா?" என்று அக்கா கத்தினாள். "நான் எழுதுறத ஊரில எத்தின பேர் வாசிக்கிறான் எண்டு தெரியுமா? கிராம சேவகர்ர கடிதமாம்!"

அம்மா குசினிக்குள் இருந்து, "அவனுக்கென்னகா தெரியும். வரச் சொல்லி ஒரு வரி எழுதிப் போடன்" என்றாள்.

"ஒரு வரியில அந்த மனிசன் நம்பாது. என்ட வாயில இருந்து வந்த மாதிரிக் கேட்டாத்தான் நம்பும்."

அன்று மத்தியானம் முழுக்கச் சுவரைப் பார்த்து இருந்துகொண்டு எழுதினாள். எழுதி முடித்து என்னிடம் தந்தாள். அவளுடைய அடையாள அட்டை தொலைந்துபோயிருந்ததால் அவளால் துறையைக் கடக்க முடியாது. எனக்கு அட்டை கிடைத்துக் கொஞ்ச நாள். நாங்கள் ஒரே வீட்டில் ஒரே பாயில் படுக்கிறவர்கள். இருந்தாலும் உறையை ஒட்டாமல்தான் தந்தாள். நானும் உள்ளே பார்க்கவில்லை.

அடுத்த நாள் காலையில் இரண்டு சட்டி தயிரும் கடிதமுமாகப் போனேன். தயிர், அந்தக் கரைக் கடைக்காரர் ஒருவருக்கு. அவருடைய கடை விலாசத்துக்குத்தான் எங்களுக்குக் கடிதங்கள் வரும். கொட்டிலில் அன்று யாரும் இல்லை. நல்ல காலம் என்று நினைத்துக்கொண்டு பாதையில் ஏறினேன். எங்கள் வயல் வட்டையில் தங்களுக்கிருந்த துண்டு வயலின் நெல்லை வாங்கிக்கொண்டு திரும்பிய அத்தானின் மூத்த அக்காவும் அதே பாதையில் வந்தாள். நான் அவளை மச்சாள் என்றுதான் கூப்பிடுவேன். "தம்பிக்குக் கடிதமா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். "எங்களுக்குந்தான் அவன் எழுதுறல்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

காவலரணில் ஆம்பிளைகள் ஒரு வரிசை, பொம்பிளைகள் ஒரு வரிசை. தயிருக்குள் கம்பி விட்டுப் பார்த்தார்கள். பிறகு கடிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்தார்கள். மேசைக்குப் பின்னால் இருந்தவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அங்கே ஒரு முறை இருந்தது. கடிதம் கொண்டுவந்தவர் வாய்விட்டு வாசிக்க வேண்டும். வரிசையில் நிற்பவர்களில் சிங்களம் தெரிந்த ஒருவர் சொல்ல வேண்டும். வழமையாக, "அன்புள்ள மகனுக்கு, நாங்கள் நலம்" என்பதோடு போதும் என்று கையைக் காட்டிவிடுவான்.

அன்று சிங்களம் சொல்ல நின்றவர் எங்கள் ஊர் ஓவசியர் ஐயா. அம்பாறைப் பக்கம் நீர்ப்பாசனத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மிகவும் கண்ணியமான மனிதர். கண்ணியம் என்ற சொல்லை நான் இங்கே வேண்டுமென்றுதான் எழுதுகிறேன்.

நான் வாசிக்கத் தொடங்கினேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. பின்னால் ஒருவன், "புள்ள, கொஞ்சம் பெலத்து வாசி, இஞ்சால கேக்குதில்ல" என்றான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மேசைக்குப் பின்னால் இருந்தவனும் கையால் சத்தமாக என்று காட்டினான். சத்தமாக வாசித்தேன்.

"நலம் என்று எழுதி எழுதி எனக்கு அலுத்துப்போய்விட்டது. நான் நலமில்லை."

ஓவசியர் ஐயா என்னைப் பார்த்தார். ஏதோ சொன்னார். அவன் தலையாட்டினான். அடுத்த வரி.

"நீங்கள் போன அன்று கொடியில் கிடந்த சாறனை நான் இன்னும் தோய்க்கவில்லை. அதைத் தலையணைக்குள் வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன்."

இதை வாசித்து முடிக்குமுன் எனக்கு விளங்கிவிட்டது. நிறுத்த முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் முற்றுப்புள்ளி வரும்வரை நிறுத்தக் கூடாது என்று பழக்கியிருந்தார்கள். வாய் போய்க்கொண்டே இருந்தது.

பிறகு இரண்டு வரிசையும் சிரித்தது.

"மச்சான் குடுத்து வைச்சவன்டா!"

"எங்கட வீட்டில நான் உடுத்திருக்கக்குள்ளயே உரிஞ்செடுத்துத் தோய்க்கிறாள்."

"ஆமிக்காரனிட்டச் சொல்லு, அந்தச் சாறனயும் ஒருக்காச் சோதிக்கட்டாம்!"

ஒவ்வொரு நாளும் அந்தத் துறையில் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிற மனிதர்கள். சப்பாத்துக் காலால் நெல் மூட்டையைத் தட்டிவிட்டாலும் வாய் திறக்காதவர்கள். அவர்களுக்கு அன்றைக்கு ஒரு சிரிப்புக் கிடைத்துவிட்டது. பயந்து கிடந்த சனம், சிரிக்க ஒன்று கிடைத்தால் சிரிக்கத்தானே செய்யும் என்று பிற்காலத்தில் அம்மா சொன்னாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பயந்தவன் பயந்தவளைப் பார்த்துச் சிரித்தான். அவ்வளவுதான்.

சிரிப்புச் சத்தத்தில் அந்த ஆமிக்காரன் எழுந்துவிட்டான். தன்னைப் பற்றி ஏதோ என்று நினைத்திருப்பான். "மொகத? மொகத கிவ்வே?" என்று ஓவசியர் ஐயாவிடம் கத்தினான். என்னது, என்ன சொன்னாள் என்று கேட்கிறான். ஐயாவின் முகம் சிவந்துபோயிருந்தது. ஒரு குடும்பப் பெண் இப்படி எழுதியிருக்கிறாள் என்பதை அந்த மனிதரால் சிங்களத்தில் சொல்ல முடியவில்லை. அக்காவின் மானத்தைக் காப்பாற்ற நினைத்தார். அவர் சொன்னதை அருகில் நின்ற ஒருவர் பிறகு எனக்குச் சொன்னார். "வீட்டில் உடுப்புத் தோய்க்கவில்லையாம். சவுக்காரம் இல்லையாம்" என்று சொன்னாராம்.

அந்தக் காலத்தில் எங்கள் கரைக்குச் சவுக்காரம் கொண்டுபோவதற்கு ஆமி கட்டுப்பாடு வைத்திருந்தது. ஒரு வீட்டுக்கு இவ்வளவுதான் என்று அளவு. பற்றரி, சீமெந்து, மருந்து, சவுக்காரம் எல்லாம் அதே மேசையில்தான் எண்ணிவிடுவார்கள். அந்த மேசைக்கு முன்னால் நின்றுகொண்டுதான், அந்தக் கண்ணியமான மனிதர் சவுக்காரம் இல்லையென்று சவூதிக்கு எழுதியிருக்கிறாள் என்றார்.

அவன் முகம் மாறியது. வெளிநாட்டுக்கு ஆமியைப் பற்றி முறைப்பாடு எழுதுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டான். அதற்குத்தான் இந்தச் சனம் சிரித்தது என்றும் எடுத்துக்கொண்டான். ஐயா கையை ஆட்டி ஆட்டி ஏதேதோ சொல்லத் தொடங்கினார். அவன் கேட்கவில்லை. அந்த இடைவெளியில் கடிதம் என் கையில்தான் இருந்தது. மிச்ச வரிகள் என் கண்ணில் பட்டன. சத்தமில்லாமல் வாசித்தேன்.

"வாசம் குறைந்துகொண்டு வருகிறது. அது முழுக்கப் போகுமுன் வந்துவிடுங்கள். கையெழுத்துப் போட வேண்டாம்."

அவன் பறித்தான். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். என் அட்டை இலக்கத்தை எழுதினான். கடிதம் முகாமுக்குப் போகும் என்றான், என்னைப் போகச் சொன்னான். ஐயா என் பக்கம் வந்து, "மனே, நான் நல்லதுக்குத்தான்" என்று தொடங்கினார். நான் தயிர்ச் சட்டிகளை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

காவலரணைத் தாண்டியதும் மச்சாள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் பரவாயில்லை.

"எங்கட தம்பி ஊத்தைச் சாறனோட போனவன் எண்டு ஊருக்கெல்லாம் பறை அடிக்கிறாளா உன்ட கொக்கா?"

"இல்ல மச்சாள்..."

"என்ன இல்ல மச்சாள்? தோய்ச்சு உடுத்துத்தான் நாங்க வளத்த நாங்க. அவனுக்கு நான் எழுதுறன்."

அவள் எழுதினாளோ இல்லையோ எனக்குத் தெரியாது.

அந்தக் கடிதத்தை ஆமிக்காரன் முறைப்பாடாகக் கேட்டான். மச்சாள் அவமானமாகக் கேட்டாள். வரிசையில் நின்றவர்கள் பகிடியாகக் கேட்டார்கள். ஓவசியர் ஐயா மூடி மறைக்க வேண்டிய ஒன்றாகக் கேட்டார். அது யாருக்கு எழுதப்பட்டதோ, அந்த ஒரு ஆள் மட்டும் கடைசிவரைக்கும் அதைக் கேட்கவில்லை.

அந்த ஆமிக்காரனுக்கும் ஊரில் காத்திருக்கும் ஒரு பெண் இருந்திருப்பாள், அவனும் கடிதத்துக்கு ஏங்கியிருப்பான் என்று யாராவது எனக்குச் சொல்ல வேண்டாம். இருந்திருக்கலாம். அவனுடைய கடிதத்தை யாரும் வரிசையில் வைத்து வாசிக்கவில்லை.

பின்னேரம் நான் வீட்டுக்குப் போகுமுன் கதை போய்விட்டது. காலைப் பாதையில் அந்தக் கரைக்குப் போய் உடனே திரும்பியவர்கள் கொண்டுபோயிருந்தார்கள். வேலிக்கு அப்பால் இருந்து ஒருத்தி, "என்னகா, உங்கட வீட்டில சவுக்காரம் இல்லையாமே, ஒரு துண்டு தரட்டா?" என்று கேட்டாளாம். ஏன் கேட்கிறாள் என்று அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கினபோது அவள் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தாள். நான் படலையைத் திறந்து வந்தபோதும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"கடிதம்?" என்று மட்டும் கேட்டாள்.

"எடுத்திற்றான்."

"எவ்வளவு வாசிச்சாய்?"

"சாறன் மட்டும்."

தலையாட்டினாள். என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டியிருக்கலாம். உள்ளே போய்க் கைகால் கழுவிவிட்டு, ஒரு தாள் எடுத்து, விளக்கு ஏற்றுமுன் இருக்கிற வெளிச்சத்தில் நின்றபடியே எழுதினாள். உறைக்குள் வைத்தாள். என்னிடம் நீட்டினாள்.

நான் அந்த முறையை உடைத்தேன். அவள் கண் முன்னாலேயே எடுத்து வாசித்தேன்.

"நாங்கள் நலம். உங்கள் நலமறிய ஆவல். கையெழுத்து விஷயம், உங்கள் விருப்பப்படி செய்யவும்."

"அக்கா, இது வேணாம்" என்றேன். "அதையே திருப்பி எழுது. நான் சட்டைக்குள்ள வச்சுக் கொண்டுபோறன்."

"சட்டைக்குள்ளயும் கை விடுவானுகள்."

"அப்ப வா எண்டு ஒரு வரி எழுது."

"அந்த ஒரு வரியையும் பெலத்து வாசிக்கச் சொல்லுவானுகள். பின்னுக்குக் கேக்கல்லையாம் எண்டு இன்னொருக்கா வாசிப்பாய்." பிறகு சொன்னாள்: "எழுதுறத்துக்கு ஒண்டும் இல்ல, புள்ள. எல்லாம் வாசிச்சாச்சு."

அம்மா குறுக்கே வந்தாள். "அவன் கையெழுத்துப் போட்டிருவான் மனே. இன்னும் ரெண்டு வருசம்."

"போடட்டும்."

நானே அத்தானுக்கு எழுதுகிறேன் என்றேன். அக்கா என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினாள். அவளுடைய தலையில் வைத்த கை. நான் எழுதவில்லை.

அத்தான் கையெழுத்துப் போட்டார். இரண்டு வருசம் முடிந்து இன்னொரு இரண்டு வருசத்துக்கும் போட்டார். அதற்கும் அக்கா விருப்பப்படி செய்யவும் என்றுதான் எழுதியிருப்பாள், நான் பார்க்கவில்லை. பிறகு வந்தார். வந்து பிந்தி ஒரு மகள் பிறந்தாள். குடும்பம் குழப்பமில்லை. இன்றைக்கும் ஒன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பேசுவதைக் கேட்டால் எனக்கு அந்தக் கடிதங்கள் ஞாபகம் வரும். சாப்பிட்டீங்களா? ஓம். மழை வரும்போல. ஓம். மருந்து குடிச்சீங்களா? குடிச்ச. மூன்றாம் ஆள் யாரோ கேட்டுக்கொண்டிருப்பது மாதிரி, யார் கேட்டாலும் குற்றம் கண்டுபிடிக்க முடியாத பேச்சு. வீட்டுக்குள் ஒருவரும் இல்லாதபோதும் அப்படித்தான் பேசுகிறார்கள்.

அன்பாக நாலு வரி எழுதத் தெரியாது என்று அந்தப் பேச்சாளர் இன்றைய பிள்ளைகளைக் குறை சொன்னார். என் மகள் நாள் முழுக்க அந்தத் தொலைபேசியில் யாருக்கோ எழுதுகிறாள். எழுத்துப்பிழையோடு எழுதுகிறாள், சிரித்துக்கொண்டு எழுதுகிறாள், சில நேரம் அழுதுகொண்டும் எழுதுகிறாள். நான் எட்டிப் பார்ப்பதில்லை. அவளுக்கு எழுதத் தெரிகிறது. எழுதத் தெரியாமல் போனது எங்களுக்குத்தான். தெரியாமல் போகவில்லை, மறக்க வைத்தார்கள். துவக்கு வைத்திருந்த இரண்டு பக்கத்தாரும் மறக்க வைத்தார்கள். வரிசையில் நின்று சிரித்தவர்கள் மறக்க வைத்தார்கள். நல்லதுக்குச் சொன்னவர் மறக்க வைத்தார். அவர்களெல்லாம் இன்று கூட்டத்தில் இருந்து, கடிதம் அழிந்துவிட்டதே என்று கை தட்டினால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

மறுநாள் காலையில் அக்காவின் இரண்டாவது கடிதத்தைக் கொண்டு துறையைக் கடந்தேன். மேசையில் வேறொருவன் இருந்தான். உறைக்குள் இருந்த தாளைப் பாதி இழுத்துப் பார்த்தான். நான் முதல் வரி வாசித்ததும் போதும் என்று கையைக் காட்டினான். தபால் கந்தோரில் பசை தடவி ஒட்டிப் பெட்டியில் போட்டேன். அன்று பாதை ஓடவில்லை. தோணியில் திரும்பி வந்தேன்.